தயார் என்று சொன்ன வரி

எனக்கு டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார், வரும்போதே குடிச்சிட்டுதான் வந்தேன். நீங்க குடிங்க.

ஆஸ்பத்திரியில ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் ஒரு பட்டன் இருக்கு. நோயாளி அழுத்தினா, நர்ஸ் மேஜையில இருக்கிற திரையில கட்டில் நம்பர் வரும். அதுக்குப் பின்னாடி ஓடற புரோகிராம்களை நாங்க ஒண்ணோட ஒண்ணு கலக்காம, கண்டெய்னர்னு சொல்ற தனித்தனி டப்பாவுல போட்டு வச்சிருக்கோம். சர்வர் நின்னு மறுபடி கிளம்பினா எது முன்னாடி, எது பின்னாடின்னு வரிசை உண்டு. அழைப்பைச் சேர்த்து வைக்கிறது முதல்ல எழுந்திருக்கணும். அது எழுந்தா மட்டும் போதாது, வேலைக்குத் தயாரான்னு கேட்டுட்டுத்தான் பட்டனைக் கவனிக்கிறதைக் கிளப்பணும். இல்லேன்னா அடுப்பைப் பத்த வைக்காமயே ஆளுங்களைச் சாப்பிட உட்கார வச்ச கதைதான்.

தயாரான்னு கேட்டுப் பார்க்கிற அந்தப் பகுதியை எழுதினது நான். சில நாள் பதில் வராம இழுக்கும், மொத்த சிஸ்டமும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். மேனேஜர் எல்லார் முன்னாடியும் என்னை ஆமைன்னு கிண்டல் பண்ணுவார். ரோஷம் வந்துடுச்சு. கேள்வியைத் தூக்கிட்டு, எப்ப கேட்டாலும் 'தயார்'னு பதில் சொல்ற ஒரே ஒரு வரியை வச்சேன். எல்லாம் சட்டுனு எழுந்துச்சு. மேனேஜர் தோள்ல தட்டிக் கொடுத்தார். அது எனக்குப் பிடிச்சிருந்தது சார், சொல்லவே வெட்கமா இருக்கு.

பட்டனைக் கவனிக்கிற புரோகிராமை எழுதினது அக்கா. கூடப் பிறந்தவங்க இல்ல, பக்கத்து சீட். என்னைத் தம்பின்னுதான் கூப்பிடுவாங்க. அவங்கப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தப்ப அதே ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. தனியா இருக்கப் பயந்தவர்கிட்ட, "நாங்க செஞ்சதுதாம்பா, பட்டனைத் தொட்டா ஓடி வருவாங்க"ன்னு சொல்லிட்டு வந்தாங்களாம். கட்டில் நம்பர் எனக்கும் தெரியும்.

ஒரு மத்தியானம் கரண்ட் போய் வந்துச்சு. சர்வர் மறுபடி கிளம்புச்சு. அக்கா சாப்பிடப் போயிருந்தாங்க. என் வரி சொன்ன 'தயார்'ஐ நம்பி அவங்க புரோகிராம் முன்னாடியே எழுந்து, ஒரு தடவை கதவைத் தட்டிப் பார்த்துட்டு, அழைப்பைச் சேர்த்து வைக்கிறது இன்னும் தயாராகலைன்னதும், வந்த அழைப்பையெல்லாம் கீழே போட ஆரம்பிச்சுது. என் திரையில எல்லாம் ஓடுது. ஒரு அழைப்பு வந்துச்சு, போச்சு. மறுபடி வந்துச்சு. அதே கட்டில், அக்காவோட அப்பா கட்டில்.

ஃபோன் கையிலதான் இருந்துச்சு. வார்டு நம்பரும் இருந்துச்சு. கூப்பிட்டா, உனக்கு எப்படித் தெரியும்னு கேட்பாங்க, என் வரி வெளியே வந்துடும். பழைய கேள்வியை முதல்ல திரும்ப வச்சிடலாம், கொஞ்ச நேர வேலைதானேன்னு நினைச்சேன். அவசரத்துல தப்புத் தப்பா அடிச்சேன். ஒரு வழியா வச்சு, நான் மாத்தின தடயத்தையும் அழிச்சுட்டு, எல்லாத்தையும் மறுபடி கிளப்பினேன். வரிசை ஒழுங்கா வந்துச்சு. அந்தக் கட்டில்லேர்ந்து அதுக்கப்புறம் அழைப்பே வரலை. அப்பாடான்னு இருந்துச்சு சார்.

ஆபீஸ் விசாரணையில பழி அக்கா புரோகிராம் மேல விழுந்துச்சு. ஒரு தடவை தட்டிட்டு விட்டிருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. சாவு வீட்டுல அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எங்கப்பாவை நானே கொன்னுட்டேன் தம்பி"ன்னாங்க. அப்படியெல்லாம் பேசாதீங்கக்கான்னு தண்ணி கொடுத்தேன். இப்ப வேலையை விட்டுட்டாங்க. சரியா சாப்பிடறதுகூட இல்லையாம்.

அந்தப் பழியை இறக்கி வைக்கத்தான் வந்தேன். வரியை மாத்தினது நான், தடயத்தை அழிச்சது நான். எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன். அக்காகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. அந்த ஃபோன் விஷயத்தை மட்டும் விட்டுடுங்க சார். பாவம், அவங்க தாங்க மாட்டாங்க.