மார்ட்டினாருக்கு நேர்ந்துவிட்ட சேவல்

டெலியா: என்னங்க, முடிச்சாச்சா?

ஃபெஸ்டி: ம்... ஆச்சு.

டெலியா: ஒரே வெட்டுலயா?

ஃபெஸ்டி: ஒரே வெட்டு. அதுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

டெலியா: பாவம், என் சார்ஜென்ட்டு! குஞ்சுல மடியிலயே வச்சு வளர்த்த சேவல்...

ஃபெஸ்டி: நாளைக்குப் புனித மார்ட்டினார் திருநாள், இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள வாசல்ல ரத்தம் விழணும், அப்பத்தான் மாட்டுக்கு அவரு காவல்னு பத்து நாளா நச்சரிச்சது யாரு?

டெலியா: பின்ன? போன வருஷம் 'அட, விடுடி'ன்னீங்க. ட்ரிமினுக்குக் கன்னுக்குட்டி செத்தே பொறந்துச்சு. இருக்கறது ஒரே மாடு. இப்பவும் சினையா நிக்குது...

ஃபெஸ்டி: ஒண்ணும் ஆகாது. முன்வாசல் நிலையில பூசிட்டேன். தொழுவத்துக் கதவுலயும்.

டெலியா: பார்த்தேனே. நாலு பொட்டு! அவ்வளவு பெரிய சேவலுக்கு இவ்வளவுதானா ரத்தம்?

ஃபெஸ்டி: அது... வயசான சேவல்டி.

டெலியா: ரெண்டு வயசு!

ஃபெஸ்டி: எட்டுப் பொண்டாட்டியக் கட்டி மேய்ச்சா ரத்தம் எங்கடி இருக்கும்?

டெலியா: சரி, கறி எங்க? உருளைக்கிழங்கு வெந்துருச்சு.

ஃபெஸ்டி: கறியா... கால்வே ரோட்டுல ஒரு பிச்சைக்காரர் வந்தாரு. மார்ட்டினார் பேரச் சொல்லிக் கேட்டாரு. குடுத்துட்டேன்.

டெலியா: முழுசாவா?

ஃபெஸ்டி: பெரிய குடும்பமாம்.

டெலியா: இறகு?

ஃபெஸ்டி: தலையணைக்கு ஆகும்னாரு...

டெலியா: கட்டைவிரல்ல என்ன துணி?

ஃபெஸ்டி: கத்தி பட்டுருச்சு. ஏய், நீ எதுக்குச் சிரிக்கற? அழுவேன்னுல்ல பயந்துக்கிட்டு வந்தேன்!

டெலியா: உண்மையைச் சொல்லுங்க.

ஃபெஸ்டி: ...கத்தியத் தீட்டிட்டுக் கூண்டுக்குப் போனா, சார்ஜென்ட்டைக் காணோம். நரிதான் தூக்கிருக்கும். நரி தின்னுச்சுன்னா உனக்கு மனசு ஆறாது. மார்ட்டினாருக்குப் போச்சுன்னா கொஞ்சமாச்சும்...

டெலியா: வேற கோழி?

ஃபெஸ்டி: எல்லாம் முட்டை வைக்கறது. அதான் விரலைக் கீறிக்கிட்டேன். மார்ட்டினார் ஏத்துக்குவாரா, தெரியல. ட்ரிமினுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைய மன்னிச்சிருடி...

டெலியா: அடப் போங்க! அவரு தன்னோட போர்வையவே வெட்டிப் பிச்சைக்காரனுக்குப் பாதி குடுத்த மனுஷன். உங்க விரலுக்கா கணக்குப் பார்ப்பாரு?

ஃபெஸ்டி: நீ இவ்வளவு நல்லாப் பேசினாலே எனக்குச் சந்தேகம் வரும். இரு... பின்கதவுலயும் ரத்தம் இருக்கே! அங்க நான் பூசவே இல்லையே!

டெலியா: கிழங்கு ஆறுது, உக்காருங்க.

ஃபெஸ்டி: கையை ஏன் பின்னால மறைக்கற? காட்டு... உன் விரல்லயும் துணி! கட்டிலுக்கடியில என்னடி கூடை? போர்வை போத்தியிருக்கு... அசையுது!

டெலியா: உஸ்... மார்ட்டினார் காதுல விழப்போகுது! பின்கதவு ரத்தம் என்னுது. ட்ரிமினுக்கு இந்த வருஷம் ரெண்டு பங்கு காவல். மெதுவாப் பேசுங்க, சார்ஜென்ட்டு இப்பத்தான் தூங்குனான்!