பேனாவில் எழுதிய பக்கம்

– டிராயர்லயும் இல்ல, குப்பைக்கூடையிலயும் இல்ல. நீங்க பாத்தீங்களா டைப்பிஸ்ட் சார்?

– எதம்மா?

– பென்சில் பக்கத்த. ரயில்வே கேட் கேஸுக்கு எழுதினது. வழக்கமா தீர்ப்பு சொன்ன கையோட கிழிச்சுப் போட்டுடுவேன். நேத்து மறந்துட்டேன்.

– பென்சில் தாள் எதுவும் என் கைக்கு வரலம்மா. பென்சில்ல இருந்தா தொடாதீங்க, பேனாவுல இருந்தா விடாதீங்கன்னு நீங்க இந்தக் கோர்ட்டுக்கு வந்த அன்னிக்கே சொல்லிட்டீங்க. அன்னியிலேருந்து கடையில பென்சில் டப்பாவப் பாத்தாக்கூட முகத்தத் திருப்பிக்கறேன்.

– அதுல ஒரு சிக்கல் சார். அன்னிக்குப் பென்சில் முனை ஒடிஞ்சு போச்சு. சீவறதுக்கு எந்திரிச்சா அந்தாளோட குரல் மனசுலேருந்து போயிடும்னு பேனாவ எடுத்து எழுதிட்டேன்.

– ஐயோ.

– ஏன் சார் கதவச் சாத்தறீங்க?

– யார் காதுலயும் விழ வேணாம்மா.

– டைப் பண்ணிட்டீங்களா?

– தாள் கட்டுக்கு நடுவுல இருந்துச்சு. பேனாவுல இருந்துச்சு. நான் விடல.

– படிக்கும்போது ஒண்ணுமே தோணலயா? 'நான்', 'எனக்கு'ன்னு போகுமே.

– தோணுச்சும்மா. அம்மா இன்னிக்கு ரொம்ப நல்லா எழுதியிருக்காங்களேன்னு தோணுச்சு. நான் டைப் அடிக்கறவன், திருத்தறவன் இல்ல. முன்னாடி இருந்த ஐயா சொல்லச் சொல்ல அடிப்பேன். நடுவுல இருமுவார். அதையும் அடிச்சேன். மேல்கோர்ட்டு அந்த இருமல உறுதி பண்ணி அனுப்புச்சு.

– விளையாடாதீங்க.

– விளையாடலம்மா. பயந்தா என் வாயி இப்படித்தான் தானா ஓடும். நீங்க கையெழுத்துப் போடறப்பப் படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.

– படிக்கல. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துதான் போட்டேன். கோர்ட்டுல வாசிச்சது கடைசிப் பக்கம் மட்டும். கேட்ட இறக்காத கேட் கீப்பர் குற்றவாளி, மூணு வருஷம். அவ்வளவுதான். எங்க, ஆபீஸ் காப்பிய எடுங்க.

– இருக்கு. பதினாலாம் பக்கம்.

– வாசிங்க. என்னால முடியாது.

– 'அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். கண்ணைத் திறக்க முடியவில்லை. மணி அடித்தது. என் மகள்தான் என் கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் ஓடினாள். அது தரையில் இழுபட்டது. கேட்டை இறக்கும் சக்கரம் அவளுக்குக் கனம். பால் வேனின் வெளிச்சம் வந்தபோது இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. உங்களிடமும்.'

– போதும்.

– அதுக்கு அடுத்த வரி, 'ஆகவே குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது.' அதுவும் சேர்ந்தாப்புல வந்துடுச்சு.

– கடவுளே.

– ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இந்தக் கேஸுல ஏது பொண்ணு? சாட்சி சொன்னவங்க எல்லாரும் சொன்னத அடிச்சவன் நான்தான். ஒருத்தர்கூட பொண்ணுன்னு வாயத் திறக்கல.

– இல்லதான். அவனுக்குக் குழந்தை இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது. நான் கட்டிவிட்டது.

– எதுக்கும்மா?

– முதல் முதல்ல ஒருத்தன ஜெயிலுக்கு அனுப்பின அன்னிக்குத் தூக்கம் வரல. கையில ஒரு நாவல் இருந்துச்சு. அதுல படுபாவி ஒருத்தன். எழுதினவர் அவனுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார். அவன் ஏன் அப்படிப் பண்ணான்னு அவனே தனக்குள்ள சொல்லிக்கற மாதிரி. படிச்சதும் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நான் அனுப்பினவனுக்கு அரை வரிகூட விடலயேன்னு. அதுலேருந்து, தோக்கப்போறவங்களுக்கு ஒரு பக்கம். அவங்க வாயால. அப்புறந்தான் தீர்ப்பு. அத எழுதிட்டா என் தீர்ப்புல வார்த்தை கொஞ்சம் அடங்கி வரும். திட்டு வராது.

– அதனாலதான் நீங்க தண்டனை குடுத்தவங்ககூட போகும்போது கும்புட்டுட்டுப் போறாங்க.

– இவன் கும்புடல. கேஸு முழுக்க வாயே திறக்கல. என்ன கேட்டாலும் 'சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க'. அவனோட வக்கீலே அலுத்துப்போய் கொட்டாவி விட்டார். அப்படி ஒருத்தன் வாய மூடினா அதுக்குள்ள யாரையோ வெச்சிருக்கான்னு தோணுச்சு. கதைன்னா அப்படித்தான வரும். எழுதினேன். எழுதி முடிச்சுட்டு, இதுக்கெல்லாம் ஆதாரம் ஏதுன்னு ஒதுக்கி வெச்சேன்.

– ஒதுக்கினத நான் எடுத்துச் சேத்துட்டேன். எழுத்துப்பிழைன்னு சொல்லித் திருத்த முடியாதாம்மா?

– ஒரு முழுப் பக்கம் எழுத்துப்பிழையா?

– வேகமா அடிச்சா வரும்னு சொல்லிப் பாக்கலாம்.

– கையெழுத்துப் போட்டாச்சு, சொல்லியாச்சு. இனி மேல்கோர்ட்டுதான் தொட முடியும். அவங்க என்ன கேப்பாங்க தெரியுமா? ஆதாரத்தப் பாத்தியா, கனவு கண்டியான்னு கேப்பாங்க. என் வேலை போகும் சார். போகட்டும். ரயில்ல அடிபட்டுச் செத்தவனோட குடும்பமும் இதப் படிக்கும். பால் வேன் ஓட்டினவனுக்கு அம்மா இருக்காங்க. தினம் வந்து முன் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?

– அம்மா.

– என்ன?

– இன்னொண்ணு இருக்கு. சொல்லலாமா வேணாமான்னு காலையிலேருந்து விழுங்கிக்கிட்டே இருக்கேன்.

– சொல்லுங்க.

– தண்டனை குடுத்தா அவனுக்கு ஒரு காப்பி இலவசமாக் குடுக்கணும்ல. நேத்தே குடுத்தாச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனான். ஜெயிலர் காலையில ரெண்டு தடவ போன் பண்ணிட்டார். நீங்க வரலன்னு சொன்னேன்.

– எதுக்குப் பண்ணார்?

– ராத்திரி பூரா அதையே படிச்சிருக்கான். பதினாலாம் பக்கத்துலேருந்து நகரலயாம். சோத்தத் தொடல. பக்கத்து ஆளு பேசினா பேசல. சுவத்துப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கானாம்.

– இத இவ்வளவு நேரம் வெச்சிருந்தீங்களா?

– பயம்மா. ஏதாவது பண்ணிக்குவானோன்னு பயம். நீங்க அவனக் கேலி பண்ணதா நெனச்சிருப்பானோன்னு.

– கேலியா? நான் அவனுக்காக அழுதேன் சார்.

– அது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் கையில இருக்கறது தீர்ப்பு. அரசாங்க முத்திரையோட.

– ஜெயிலருக்குப் போன் போடுங்க. யாராவது அவன் பக்கத்துலயே இருக்கச் சொல்லுங்க. துண்டு, பெல்ட்டு எதுவும்...

– லைன் கிடைக்கல. பிஸியா இருக்கு. உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க.

– வேணாம். சார், அந்தக் கோட்டு இழுபட்டதுன்னு ஏன் எழுதினேன்?

– இப்ப அதுவா முக்கியம்?

– காய்ச்சல் நான் சேத்தது. பொண்ணு நான் சேத்தது. சக்கரம் நேர்ல போய்ப் பாத்தது. கோட்டு எங்கேருந்து வந்துச்சு?

– அது பேப்பர் போடறவர் சொன்னதும்மா. சைக்கிள்ல அந்தப் பக்கமாப் போனவர். 'மழையில கேட்டுகிட்ட யாரோ நின்னாங்க, ரயில்வே கோட்டு, தரையில இழுபட்டுக்கிட்டு இருந்துச்சு'ன்னார். ரெண்டு பக்க வக்கீலும் அதுல ஒண்ணும் கேக்கல. கேட்டுகிட்ட இவன்தான் இருந்தான்னு ஆகிப்போச்சு.

– அவன் முதல் நாள் கூண்டுல ஏறினது ஞாபகம் இருக்கா?

– மறக்குமா? மேல இருந்த கட்டையில மண்டை 'ணங்'குன்னு இடிச்சுது. நீங்ககூட 'பாத்து'ன்னீங்க. அவன் உயரத்துக்குக் கூண்ட இடிச்சுத்தான் கட்டணும்னு நான்...

– அவனுக்கு அந்தக் கோட்டு முட்டிகிட்ட நிக்கும் சார்.

– அம்மா?

– தரையில எப்படி இழுபடும்?

– அம்மா, போன் அடிக்குது.

– எடுங்க.

– ஹலோ. ஆமாங்க, கோர்ட்டுதான். டைப்பிஸ்ட் பேசறேன். அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. சொல்லுங்க. ஆமா. சரி. பேசினானா? எப்ப? ... சரிங்க. இல்ல, இல்ல, வெச்சுடாதீங்க. அவன் சொன்னத அப்படியே இன்னொரு தடவ சொல்லுங்க.

– என்ன சார்? உயிரோட இருக்கான்ல?

– இருக்கான். இப்பத்தான் வாயத் திறந்தானாம்.

– என்ன சொன்னான்?

– 'எல்லாத்தையும் எழுதின அந்த அம்மா, என் பொண்ணு பேர மட்டும் எழுதாம விட்டிருக்காங்க. அதுக்காகக் கையெடுத்துக் கும்புட்டேன்னு சொல்லுங்க'ன்னானாம்.