கார் செட்டுக்கு இழுத்த லைன்

“அக்காவ கார் செட்டுலயா வைக்கப் போறிய?”

தென்காசியில் நான் பஸ் ஏறி உட்கார்ந்ததும், என் முன் சீட்டில் வயர்ச் சுருளோடு இருந்த வயர்மேன் பக்கத்து ஆளிடம் இப்படிக் கேட்டார். அந்த ஆளின் மடியில் பெரிய ரோஜா மாலை இருந்தது.

“வேற என்ன செய்ய அண்ணாச்சி? வீட்டு வயர் பழசு. பிரீசர் பெட்டியப் போட்டதும் பியூஸ் போயிருது. அவ மவன் துபாய்ல இருந்து நாளைக்குத்தான் வருதான். அதுவரைக்கும் அக்கா உடம்பு தாங்கணும்லா.”

“செட்டு லைன் தாங்கும். அவன் கடைசல் மிஷினுக்குன்னே தடி வயரா இழுத்தேன். ‘எம்புள்ள இங்கனயே பட்டறை போட்டு உக்காந்துருவான், நல்லா இழு தம்பி’ன்னு அக்கா கூடவே நின்னாவ. நீங்க போய் சுவிட்சப் போட்டாப் போதும்.”

“அதுல ஒரு பல்பு கூட எரியவிடல அண்ணாச்சி அவ. முத சுவிட்ச் மவன்தான் போடணும்னு சொல்லிட்டா.”

வயர்மேன் அவர் பக்கம் திரும்பினார்.

“காலையில இருந்து ரெண்டு தடவ அந்த சுவிட்சுகிட்ட போயி நின்னுட்டு வந்துட்டேன். கை போகமாட்டேங்கு.”

இலஞ்சி வந்ததும் மாலைக்காரர் எழுந்தார். குற்றாலத்துக்கு டிக்கெட் எடுத்திருந்த வயர்மேனும் அவரோடு இறங்கிவிட்டார்.