ரெண்டாவது வரிசை, பதினாலாம் நம்பர்

...சுளுக்காம் தம்பி, கால்ல சுளுக்காம்! நேத்து மத்தியானம் வரைக்கும் குதிரை மாதிரி ஓடிக்கிட்டு இருந்த நம்ம ஆட்டக்காரனுக்கு, வேல்ஸ் சட்டையைப் போடணும்னதும் சுளுக்கு வந்துருச்சு. அவன் சொன்னானா? அவன் எங்க சொல்றது. அவன் கிளப்புக்காரன் தந்தி அடிச்சிருக்கான். சம்பளம் குடுக்கிறவன் இங்கிலாந்துக்காரன், அதனால காலும் அவனோடது, கால்ல வர்ற சுளுக்கும் அவனோடது. சனிக்கிழமை கிளப்பு ஆட்டம் இருக்குல்ல? அதுக்குள்ள சரியாயிரும் பாருங்க. என்னா மருந்து!

உக்காருங்க, உக்காருங்க. பையை மேல வைங்க. கோர்வென்லயா ஏறினீங்க? நான் பாலாவுல இருந்து வரேன். இவ்வளவு நேரம் எதிர்ல ஒரு அம்மா இருந்தாங்க, இப்ப எறங்கிட்டாங்க. லாங்கோலன் போகணும்னுதான் முதல்ல சொன்னாங்க... என்னமோ, திடீர்னு இங்கயே எறங்கிட்டாங்க.

நீங்களும் ரெக்ஸம்ல நடக்குற இங்கிலாந்து ஆட்டத்துக்குத்தானே? முகத்தைப் பாத்தாலே தெரியுது. தோத்துப் பழகின முகம். அட, கோவிச்சுக்காதீங்க, எனக்கும் அதே முகம்தான்.

நம்ம டீமை நம்பி ஒரு மனுஷன் சோறு திங்க முடியுமா? ரெண்டு வருஷம் முன்னாடி கிளாஸ்கோவுக்கு ஒரு டீம் அனுப்பினோமே, ஞாபகம் இருக்கா? பெரிய கிளப்பெல்லாம் ஆளை விட மாட்டேன்னுட்டான். கிடைச்சவனை எல்லாம் பொறுக்கி அனுப்பினாங்க. ஒருத்தன் பேரு ஒருத்தனுக்குத் தெரியாதாம், ரயில்லயே கை குலுக்கி அறிமுகம் பண்ணிக்கிட்டாங்களாம். நான் பாலாவுல சபையில உக்காந்து அவங்களுக்காக ஜெபமே பண்ணினேன். ஜெயிக்கணும்னு இல்ல தம்பி, பத்து கோலுக்குள்ள முடியட்டும்னு. என்ன ஆச்சு? ஒண்ணுக்கு ஒண்ணு! ஸ்காட்லாந்துக்காரன் மூஞ்சி வெளிறிப் போச்சு. சரி, தேறிட்டாங்கன்னு நம்பி அடுத்த மாசம் ரெக்ஸம் போறேன்... இங்கிலாந்துக்காரன் நாலு போட்டான். நம்ம பக்கம் ஒண்ணு? ம்ஹூம். இப்பப் பாருங்க, போன மாசம் எடின்பரோவுல அஞ்சு கோல் போட்டுட்டு வந்திருக்காங்க. நம்பினா கவுத்துருவாங்க, துக்கம் விசாரிக்கப் போனா எந்திரிச்சு உக்காந்துருவாங்க. இதுதான் நம்ம டீமு.

இதுல தெக்கு வேல்ஸ்காரங்களைக் கேக்கவே வேணாம். அவங்களுக்கு முட்டை மாதிரி ஒரு பந்து இருக்கு, அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுறதுதான் ஆட்டம். கால்பந்தாட்டத்துல காலால பந்தை உதைக்கணும்னு அவங்களுக்கு யாரு போய் சொல்றது?

என்னது? இந்த லீக்ஸ் தண்டா? ஆமா, எங்க தோட்டத்துதுதான். வேல்ஸ்காரனுக்குக் கொடி மாதிரி இந்தப் பெரிய வெங்காயத்தாள்தானே? கோட்டுல குத்தினா நெஞ்சு வரைக்கும் தொங்குது. இருபத்தெட்டு வருஷமா குத்திக்கிட்டுத்தான் போறேன். ரெக்ஸம் மைதானத்துல, நின்னுக்கிட்டுப் பாக்குற பக்கம், கம்பத்துக்குக் கீழ, அதான் என் இடம். அங்க பாட்டை ஆரம்பிச்சு வைக்கிறது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான். பாலா சபையில பாட்டு எடுத்துக் குடுக்கிறவன் தம்பி நான். நான் முதல் வரி எடுத்தா அஞ்சாயிரம் பேரு பின்னால வருவான். பேரெல்லாம் தெரியாது, 'பாலாக்காரரே, ஆரம்பிங்க'ம்பான். எடுத்தேன்னா கோல்கீப்பருக்கே கண்ணு கலங்கும். அதுவும் ஒரு கஷ்டம்தான், கண்ணு கலங்கிப் பந்தை விட்டுருவான்.

இன்னைக்குத்தான் தம்பி... இன்னைக்கு அங்க நிக்கிறதா வேணாமான்னு தெரியல.

இதைப் பாருங்க. கையில பிடிச்சே பாருங்க, பரவால்ல. ஸ்டாண்டு டிக்கெட்டு. ரெண்டாவது வரிசை, பதினாலாம் நம்பர். மேல கூரை, கீழ நாற்காலி. பின்னாடி திருப்புங்க, பென்சில்ல எழுதியிருக்கு பாருங்க. சத்தமா படிக்க வேணாம்! 'அப்பா, ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் இந்த இடத்தைப் பாப்பேன். டெ.' அவ்வளவுதான். ஏழெட்டு வார்த்தை. நாலு நாளா தூக்கம் போச்சு.

டெ-ன்னா டெகிட். என் மவன். பக்கத்துல வாங்க... அந்த மூலையில தொப்பியை மூஞ்சில கவுத்துக்கிட்டுத் தூங்குறாரே, அவர் காதுல விழுந்துரக் கூடாது. உங்க பேப்பர்ல ரெண்டு டீமும் போட்டிருக்கான்ல? இங்கிலாந்து டீமைப் பாருங்க. வலது பக்கம், பின்னால நின்னு தடுக்கிற இடம், வலது பேக்கு. 'டி. பாரி.' பாத்தீங்களா? அவன்தான்.

ஆமா. ஆமாங்க. இங்கிலாந்துக்கு. பாலா ஏரிக்கரையில பந்து உதைச்சு வளந்த பய, ஏரிக்கு வேல்ஷ்ல டெகிட்னு பேரு, அதையே அவனுக்கு வெச்சேன், வேல்ஷ் மொழியிலதான் கனாக் காணுறான்... இன்னைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நம்ம பயலுகளைத் தடுக்கப் போறான். ஏன் வாயைப் பொளக்குறீங்க? பொறந்த மண்ணுதான் கணக்கு. அவன் பொறந்தது நாட்டிங்காம்ல.

எப்பிடின்னா கேக்குறீங்க? எல்லாம் எங்க லவ்ரியாலதான். என் பொண்டாட்டி. அவசரக்காரி. எதையும் பொறுத்துப் பண்ணத் தெரியாது. இன்னும் மூணு வாரம் இருக்குன்னு நான் விரல் விட்டு எண்ணி வெச்சிருந்தேன், அவ கேட்டாளா?

அந்த வருஷம் நம்ம ஆட்டம் நாட்டிங்காம்ல. நிறைமாசமா இருக்கிறவளை வீட்டுல தனியா விட்டுட்டுப் போக முடியுமா? எனக்கு மனசு கேக்கல. அதனால கூடவே கூட்டிட்டுப் போனேன். எவ்வளவு அக்கறை பாருங்க! எத்தனை புருஷன் செய்வான்? ...போகாம இருந்திருக்கலாமேன்னா என்ன தம்பி அர்த்தம்? ஆட்டம்ல! வேல்ஸ் ஆட்டம்!

பாதி ஆட்டத்துல என் கையைப் பிடிச்சா. நல்ல பிடி. எனக்கென்ன தெரியும், கோல் போயிருச்சுன்னு துக்கத்துல பிடிக்கிறாள்னு நினைச்சேன். 'எலிஸ், வலிக்குது'ன்னா. 'எல்லாருக்கும்தான் வலிக்குது'ன்னேன். அப்புறம் ஒரு போலீஸ்காரரும் ரெண்டு பொம்பளைங்களும் சேர்ந்து கூட்டிட்டுப் போனாங்க. மைதானத்துக்கு எதிர்ல ஒரு புகையிலைக் கடை, அதுக்குப் பின்னாடி ரூம்பு. விசில் ஊதினதும் நான் ஓடிப் போனேன்... கடைசி விசில்தான். ரெண்டு கோல் வாங்கினோம், ஒரு புள்ளை வாங்கினோம். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. இருபத்தி மூணு வருஷம் ஆச்சு, அந்தப் பார்வையை இன்னும் எறக்கல. இன்னைக்குக் காலையில 'நீயும் வாயேன்'னேன். 'கால்பந்து பாக்க உங்ககூட ஒரு தடவை வந்தேன், கைப்புள்ளையோட திரும்பினேன். போதும்'னுட்டா.

மவனுக்கு இது தெரியாது. அம்மா சொந்தக்காரங்களைப் பாக்கப் போயிருந்தப்போ பொறந்தோம்னு நினைச்சுக்கிட்டு இருக்கான். நாட்டிங்காம்ல எங்களுக்கு ஏது சொந்தம்? அந்தப் புகையிலைக் கடைக்காரர் ஒருத்தர்தான்.

அட, சுரங்கம் வந்துருச்சு. ஜன்னலை ஏத்துங்க, புகை வரும். ...இருக்கீங்களா? சரி. இருட்டுல ஒண்ணு சொல்றேன். வெளிச்சம் வந்ததும் மறந்துருங்க.

நாலு வருஷம் முன்னாடி நம்ம டீம்ல ஒரு பையனை எடுத்தாங்க. ஓரத்துல ஓடுறவன், நல்ல காலு. பொறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம் அரை மைல்ல. அரை மைலு! யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சு போச்சு. சும்மா இருந்தேனா? சங்கத்துக்கு மூணு பக்கம் கடுதாசி எழுதினேன். 'எல்லைக்கு ஒரு அடி தள்ளிப் பொறந்தாலும் அவன் நம்ம ஆளு இல்ல.' அடியில கோடு வேற போட்டேன். அந்தப் பையனை நிறுத்திட்டாங்க. அன்னைக்கு சாயங்காலம் நான் ரெண்டு தட்டு ஆட்டுக்கறி தின்னேன்.

போன வருஷம் டீம் பொறுக்குற ஆளு ஒருத்தர் நம்ம கடைக்கு வந்தார். இரும்புச் சாமான் கடை தம்பி நமக்கு. ஒரு வாளி வாங்கினார். வாளியை இப்பிடித் திருப்பி, அப்பிடித் திருப்பி, மெதுவா கேட்டார்: 'பாரி, உங்க டெகிட்டை நமக்கு எடுக்கலாம்னு இருக்கோம். பேப்பரெல்லாம் கேக்கப் போறதில்ல. அந்தக் கடுதாசி எழுதின மனுஷன் நீங்க, உங்க வாய் வார்த்தை போதும். பையன் எங்க பொறந்தான்?'

ஒரே ஒரு சொல்லு. 'பாலா.' வாயைத் திறந்து மூடுற நேரம். கடையில மூணு பேரு இருந்தாங்க, எங்க போதகர் ஆணி எண்ணிக்கிட்டு இருந்தார். என் நாக்கு... நாட்டிங்காம்னு சொல்லிருச்சு.

நேர்மைன்னு நினைச்சீங்களா? போதகர் அப்பிடித்தான் நினைச்சார், ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துலயே சேத்துட்டார். எனக்கே தெரியல தம்பி. நேர்மையா, இல்ல அந்தக் கடுதாசி எழுதினவன்கிற பேரைக் காப்பாத்திக்கிட்டேனா? ராத்திரி படுத்தா இதேதான் ஓடுது. வேற எதுக்கு நான் பொய் சொன்னதில்ல? போன வாரம்கூட ஒரு ஓட்டை வாளியை வித்தேன்.

வாளிக்காரர் போயிட்டார். ஆறு மாசத்துல இங்கிலாந்துக்காரன் கூப்பிட்டுட்டான். டெகிட் ஊருக்கு வந்தப்போ என்ன சொன்னான் தெரியுமா? 'பொறந்த இடத்தை எல்லாம் யாருப்பா தோண்டிப் பாக்குறான், வேணும்னா எடுத்திருப்பாங்க. நம்ம ஆளுங்க என்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே'ன்னான். சூப்பு குடிச்சுக்கிட்டு இருந்தேன். உப்பு கம்மின்னேன்.

...வெளிச்சம் வந்துருச்சு. மறந்துருங்க.

லாங்கோலன் இதான். யாரும் ஏறலையே? நல்லது. எங்க விட்டேன்? ஆங், டிக்கெட்டு. இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது சொல்லுங்க. ஸ்டாண்டுல போய் உக்காந்தா சுத்தியும் இங்கிலாந்துக்காரன். டெகிட் பந்தைத் தடுத்தா கை தட்டணுமா? வேல்ஸ்காரன் எவனாவது தடுமாறினா சந்தோஷப்படணுமா? கையை எங்க வெச்சுக்கிறது, தொடைக்கு அடியிலயா? சரி, வழக்கம்போல நின்னு பாக்குற பக்கமே போயிருவோம்னா, 'பாலாக்காரரே, ஆரம்பிங்க'ம்பான். ஆரம்பிச்சா என் குரல் அவனுக்குத் தெரியாதா? தொட்டில்ல கேட்ட குரல். அவனைத் தோக்கடிக்க அப்பன் பாட்டு எடுக்குறான்னு நினைக்க மாட்டானா? வீட்டுக்குத் திரும்பிப் போனா லவ்ரி கதவைத் திறக்க மாட்டா. போய் அவனைப் பாத்து, வாளிக்காரர் வந்து கேட்டதைச் சொல்லிட்டு வந்தாத்தான் சாப்பாடுன்னுட்டா.

ஒண்ணு பண்ணலாம். நீங்க வெச்சுக்குங்க. அட, வெச்சுக்குங்கன்னா! உங்ககிட்ட டிக்கெட்டு கிடையாதுல்ல, வாசல்லதானே வாங்கணும்? வேணாம்னு சொல்லாதீங்க. மழை வர்ற மாதிரி இருக்கு, கூரைக்கு அடியில உக்காந்து பாருங்க. எனக்கு வேணாம் தம்பி. ஒரு இங்கிலாந்து பேக் குடுத்த ஓசி டிக்கெட்டுல ஸ்டாண்டுல உக்காந்தான் எலிஸ் பாரின்னு நாளைக்கு எவனும் பேசக்கூடாது. கையில குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்க... இருங்க, இதோ, உங்க கோட்டு மேல்பையிலேயே வெச்சுட்டேன். நல்லா உள்ள தள்ளிட்டேன், கீழ விழாது. தீந்துச்சு. அப்பாடா! நாலு நாளா நெஞ்சுமேல உக்காந்திருந்தது எறங்கிருச்சு.

சின்ன வயசுல அவன் எப்பிடி உதைப்பான் தெரியுமா? ரெண்டு காலும் ஒண்ணுதான் அவனுக்கு. ஏரியில பந்து போயிரும், நான்தான் முட்டி வரைக்கும் எறங்கி எடுத்துக் குடுப்பேன். குளிர்னா குளிரு! எடுத்துக் குடுத்ததும் மறுபடியும் ஏரிக்கே உதைப்பான். நான் எறங்குறதைப் பாக்கணும் அவனுக்கு. கரையில நின்னுக்கிட்டுச் சிரிப்பான், தம்பி... சிரிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு...

ருவாபன் வந்துருச்சா? அதுக்குள்ளயா? எல்லாரும் எறங்கி வண்டி மாறணும். நீங்க முன்னாடி போங்க, எனக்கு முட்டி மடங்காது, கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான்... தம்பி? அட, என்ன இவ்வளவு வேகமா... தம்பி! ரெக்ஸம் வண்டி அந்தப் பக்கம்தான், சரியாத்தான் போறீங்க, ஆனா நில்லுங்க! டிக்கெட்டு! கொஞ்சம் நில்லுங்களேன்!

வழி விடுங்கம்மா. ஐயா, கொஞ்சம்... அந்தப் பழுப்புத் தொப்பி போட்ட தம்பி! அவரைப் பிடிங்க! இல்லைங்க, திருடன் இல்ல, தங்கமான மனுஷன், நான்தான் குடுத்தேன். குடுத்தேன், குடுத்தேன்தான்! நான் சொல்றதை எல்லாம் ஒரு மனுஷன் நம்பலாமா? தம்பீ! அவன் அந்த இடத்தைப் பாப்பான்! ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பாப்பான், அங்க நீங்க உக்காந்திருப்பீங்க!

யாரு பாப்பானா? என் மவன்யா! டி. பாரி! இங்கிலாந்துக்கு வலது பேக்! ஆமா, லீக்ஸ் குத்தியிருக்கேன், அதுக்கென்ன இப்போ? சிரிக்காதீங்க, வழி விடுங்க! அவன் அப்பன் நான்! அவனை நாட்டிங்காம்ல பொறக்க வெச்சவனே நான்தான்! தம்பீ... அது என் இடம்... பதினாலாம் நம்பர்!