சர்க்கரை சேர்க்காதது

என் அடுப்படியில் 'டொக்'கென்று சத்தம் கேட்டதும் உங்கள் கான்ஸ்டபிள் திடுக்கிட்டு லத்தியை ஓங்கிவிட்டார். பாவம், அவருக்குத் தெரியாது. சூடான ஜாம் ஆறும்போது ஜாடியின் மூடி உள்வாங்கும் சத்தம் அது. இன்று காலை பன்னிரண்டு ஜாடி ஊற்றியிருந்தேன். நடந்ததை என் கைப்பட எழுதச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. எழுதுகிறேன்.

பீச் பழ ஜாமில் பாதி வேலை தோலோடுதான். பழத்தைக் கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றினால் தோல் சட்டையைப் போலக் கழன்றுவிடும். அப்புறம் கொட்டையை நீக்கி நறுக்கி, கிலோவுக்கு முக்கால் கிலோ சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளற வேண்டும்.

என் தங்கைக்குச் சர்க்கரை வியாதி. அவளுக்கென்று தனி ஜாடிகள் வைத்து, 'சர்க்கரை சேர்க்காதது' என்று சீட்டு ஒட்டுவேன். ஜாம் என்னவோ எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொதித்ததுதான்.

காரணம் இருந்தது. தங்கை தையல்காரி. நாற்பத்தொரு வயதில், எங்களுக்குப் பீச் கூடை கொண்டுவரும் பழக்கடைக்காரரோடு அவளுக்குச் சிநேகமாகிவிட்டது. கூடையை இறக்கிய பிறகும் அவர் போக மாட்டார்.

"சட்டை பட்டன் அறுந்துபோச்சு, அதான் நிக்கிறேன்" என்பார்.

"நேத்துதானே தச்சேன். வழியில நீங்களே பிச்சுக்கிட்டு வரீங்களா?" என்பாள் இவள்.

இருவரும் சிரிப்பார்கள். நான் அடுப்படியில் கிளறிக்கொண்டிருப்பேன். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டவள் நான். அவளும் போய்விட்டால் நான் யாருக்குச் சமைப்பது?

காலை ரொட்டியில் மூன்று கரண்டி, மாலை ரொட்டியில் மூன்று. தையல்காரிக்கு ஊசி என்றால் பயம் என்று சொன்னால் நம்புவீர்களா? சர்க்கரை அளவு பார்க்க விரலில் குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மீட்டரைப் பார்ப்பது நான்தான். அது முந்நூற்று எண்பது காட்டும். நான் நூற்றுப் பத்து என்பேன்.

"பரவாயில்லையே. அப்ப இன்னொரு கரண்டி வை அக்கா" என்பாள்.

தாகம் என்றால் தண்ணீர் கொடுப்பேன். களைப்பு என்றால் கால் பிடித்துவிடுவேன். அளவு சரியாக இருக்கும்போது டாக்டர் எதற்கு?

இரண்டாம் வருடம் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். மூன்றாம் வருடம் கடைக்காரரின் முகமே அவளுக்குப் புகையாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அவளே அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "கண்ணு தெரியாதவளக் கட்டிக்கிட்டு என்ன பண்ணுவீங்க? வேற இடம் பாருங்க."

அவர் கெஞ்சினார். இவள் அசையவில்லை. அன்றைக்கு ஜாம் நல்ல பதமாக வந்தது.

ஆனால் மனிதர் விடவில்லை. போன வாரம் கண் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளும் வீட்டில் ஜாம் போடுகிறவள் போலிருக்கிறது. அலமாரியில் இருந்த தங்கையின் ஜாடியை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"போன சீசன் தேதி போட்டிருக்கு. ஃப்ரிட்ஜ்லகூட வைக்கல. சர்க்கரை போடாத ஜாம்னா இந்நேரம் பூஞ்சை பிடிச்சிருக்கணுமேக்கா?"

சீட்டில் தேதி எழுதாமல் இருந்திருக்கலாம். ஆனால் தேதி இல்லாத ஜாடியை அலமாரியில் வைக்க எனக்கு மனம் வராது. நர்ஸ் ஜாடியை எடுத்துக்கொண்டு, தங்கையையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வலது கண் இனி தேறாது என்கிறார்கள். இடது கண்ணுக்கு இன்று மாலை ஆபரேஷன். செய்தால் பார்வை திரும்புமாம்.

ஆம், தெரிந்தேதான் கொடுத்தேன், ஒவ்வொரு கரண்டியும். அதை நான் மறுக்கவில்லை. அவளுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் நீங்கள் எழுதிவிடக் கூடாது. அவளுக்கு நல்லதைத் தவிர நான் வேறெதையும் நினைத்ததில்லை.

ஒன்று பாக்கி. வண்டியில் வரும்போது நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதையும் இங்கே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

"அந்த ஆபரேஷன் கண்டிப்பா பண்ணணுமாம்மா? ஒரு கண்ணு தெரிஞ்சாலும் அவ அவர்கூடப் போயிடுவாளே."