ஸ்வாலேயின் ஏழு மீன்கள்

புதுத் தொட்டியில் பாசி பிடிக்கத்தான் செய்யும், மச்சான். கடல் தண்ணீரைக் கண்ணாடிக்குள் அடைத்தால் முதலில் பழுப்பாகத் தூசி படியும், பிறகு பச்சையாக முடி மாதிரி வளரும், இரண்டு மூன்று மாதத்தில் தானாக அடங்கும். தொட்டி வைத்த எல்லாரும் கண்டதுதான். மகனின் கூட்டாளி கஹிந்தி இதை முதல் வாரத்திலேயே எனக்குச் சொன்னான். நான்தான் காத்திருக்கவில்லை.

நாளை மறுநாள் உங்கள் தங்கை பத்தூலியின் நாற்பதாம் நாள் ஓதலுக்கு நீங்கள் மொம்பாசாவிலிருந்து வருகிறீர்கள். அவள் கடைசியாகச் சொன்னதை உங்கள் பெண்கள் முன்னால் இன்னொரு முறை சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் இது உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்று எழுதுகிறேன். படகுத்துறை அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் எழுத்தராக இருந்தவன் நான். நடந்ததை நடந்தபடி எழுத எனக்குத் தெரியும்.

மகன் ஸ்வாலே வண்ண மீன் பிடிக்கக் கடலில் முங்கிய அன்று அவன் மேலே வரவில்லை, வலைப்பை மட்டும் மிதந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பையில் மீன் இருந்தது என்பது தெரியாது. அவனைத் தேடி எடுத்து அடக்கம் செய்து நாலு நாள் கழித்து, அவனோடு முங்கப் போகும் கஹிந்தி ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

"மாமா, இது அவன் புடிச்சது. ஏழு இருக்கு. முதலாளி பெட்டியில போட்டு ஃப்ளைட்ல ஏத்தச் சொல்றாரு. எனக்குக் கை வரல."

நான்கு கோமாளி மீன்கள், இரண்டு மஞ்சள், ஒரு நீலக்கோடு. என் மகனுடைய கை கடைசியாகத் தொட்டவை. அன்று மாலையே தொட்டி வாங்கினேன்.

தண்ணீரைப் பாறைத்திட்டுக்கு வெளியே போய்ப் படகில் எடுத்து வரச் சொன்னான் கஹிந்தி. நான் நம் உப்பங்கழியில், துறையடியில் பத்து கேன் மொண்டு வந்தேன். கடல் தண்ணீர் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன். கடலோரத்தில் பிறந்தவன்தான் இப்படி நினைப்பான். மலைநாட்டுக்காரனாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்திருப்பான்.

கஹிந்தி கையில் கொஞ்சம் ஊற்றி மோந்து பார்த்துச் சிரித்தான்.

"நீங்க எங்க மாமா கடலைக் கொண்டாந்தீங்க? இது மீன் கழுவின தண்ணி. பாசிக்குக் கல்யாண விருந்து."

அப்படியே ஆயிற்று. மூன்றாம் வாரத்தில் கல் தெரியவில்லை, ஐந்தாம் வாரத்தில் கண்ணாடி முழுக்கப் பச்சை. பத்தூலியின் கட்டிலை அப்போது முன்னறைக்கு, தொட்டிக்கு எதிரே மாற்றியிருந்தோம். முப்பது வருடம் கரியடுப்பின் முன்னால் மஹம்ரி பணியாரம் சுட்ட நெஞ்சு. மூக்கில் குழாயோடு ஆக்ஸிஜன் மிஷின் பக்கத்தில் படுத்திருந்தாள். வாய் மட்டும் ஓயவில்லை.

"மகன் கடல்ல மீன் புடிச்சான். வாப்பா வீட்டுக்குள்ள பாசி புடிக்கிறாரு. நல்ல குடும்பம்."

"ரெண்டு மாசத்துல போயிடும்னு சொல்றான்."

"ரெண்டு மாசமா? அதுக்குள்ள நான் போயிடுவேன், ஸ்வாலே வாப்பா."

அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தீனியைக் குறையுங்கள், ஜன்னலுக்குத் துணி போடுங்கள், கையால் பிடுங்குங்கள், நத்தை கொண்டுவந்து தருகிறேன் என்றான் கஹிந்தி. எல்லாம் செய்தேன். பிடுங்கப் பிடுங்க வளர்ந்தது. காலையில் எழுந்து தொட்டியைப் பார்த்தால் மீன் தெரியாது. என் மகனை இரண்டாம் முறையும் தண்ணீர் மூடிக்கொண்டது போல இருந்தது. கடையில் பாசி மருந்து இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கேட்டேன்.

"வேணாம் மாமா. பாசி ஒரே நாள்ல செத்தா அவ்வளவும் அழுகும். அழுகுற சாமான் தண்ணியில உள்ள காத்தை எல்லாம் குடிச்சிடும், மீன் வாயைப் பொளக்கும். அப்படி எதுவும் ஆனா, கரண்டும் போயிட்டா, குவளையால மொண்டு மொண்டு உயரத்துலேர்ந்து ஊத்துங்க. மீன் தாங்கும்."

மருந்தை வாங்கினேன். ஒரு மூடி என்று போட்டிருந்தது. இரண்டு மூடி ஊற்றினேன்.

மறுநாள் தண்ணீர் பால் மாதிரி கலங்கி, அழுகல் வாடை வந்தது. ஏழும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காற்று மோட்டாரை முழு வேகத்தில் வைத்தேன், கொஞ்சம் தெளிந்தன. பத்தூலி கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று அவள் கேலி செய்யவில்லை.

"எனக்குத் தெரியுது அதுங்க படுற பாடு. நானும் அப்படித்தானே கெடக்கேன். பாவம், விட்டுடுங்க. கஹிந்தியை வரச் சொல்லி ஃபோன் பண்ணிட்டேன். காலைல வந்து எடுத்துட்டுப் போய்க் கடல்ல விட்டுடுவான்."

"யாரைக் கேட்டுப் பண்ணின?"

"அவனைப் பெத்தவளைக் கேட்டு."

எங்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை.

அசர் தொழுகைக்குப் பிறகு மழை பிடித்தது. நாலரை மணிக்கு மின்சாரம் போயிற்று. மிஷினுக்கென்று நீங்கள் வாங்கிக் கொடுத்த பேட்டரி உடனே வேலை செய்தது. தொட்டியின் மோட்டார் நின்றுவிட்டது. பேட்டரிப் பெட்டியில் ஒரு பிளக்குக்குத்தான் இடம். மிஷின் இல்லாமல் அவள் உட்கார்ந்தபடி கால் மணி நேரம் தாங்குவாள் என்று டாக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார். பத்து நிமிடம் மோட்டாருக்கு, பத்து நிமிடம் அவளுக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம் என்று எண்ணினேன். யோசித்துப் பாருங்கள், தப்பான கணக்கு இல்லை. அவளுடைய பிளக்கைப் பிடுங்கி மோட்டாரைச் செருகினேன். மிஷின் கூவ ஆரம்பித்தது. அதற்கு ஒரு பொத்தான் உண்டு, அமுக்கினேன்.

பத்து நிமிடத்தில் ஆறு மீன்கள் கீழே இறங்கின. நீலக்கோடு மட்டும் மேலேயே கிடந்தது. அதுவும் இறங்கட்டும் என்று பார்த்தேன். அவள் கட்டில் சட்டத்தில் வளையலால் தட்டினாள். "இதோ, இன்னும் கொஞ்சம்" என்றேன். இரண்டு முறை அப்படிச் சொன்னேன். மூன்றாம் முறை அவள் தட்டவில்லை.

ஐந்து இருபதுக்கு மின்சாரம் வந்தது. விளக்கு எரிந்ததும் நான் முதலில் பார்த்தது தொட்டியை. ஏழும் இருந்தன. பிறகு திரும்பினேன்.

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று யாரிடமும் பொய் சொல்லவில்லை. "புள்ளையோட மீனுங்க பொழைக்கட்டும், பிளக்கை அதுக்குக் குடுங்க" என்று அவளே கேட்டாள் என்றேன். நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதீர்கள். துக்க வீடு முழுக்க அதைச் சொன்னீர்கள். இப்படி ஒரு தாயா என்று பெண்கள் தேம்பினார்கள். அவளுக்கு அதனால் நல்ல பெயர்தான் கிடைத்தது.

அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் பிளக்கில் கை வைத்தபோது, "அது மீனுதான், ஸ்வாலே வாப்பா. அவன் இல்ல. எனக்கு மூச்சு வேணும்" என்றாள். தெளிவாகச் சொன்னாள், நான் தெளிவாகக் கேட்டேன். குவளை தொட்டி மூடியின் மேல்தான் இருந்தது. மொண்டு ஊற்றியிருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள். அப்போதே எனக்கு அது தெரியும். ஆனால் அவள் இருந்திருந்தால் மறுநாள் காலை கஹிந்தி வாளியோடு வந்து மீன்களைக் கொண்டுபோயிருப்பான்.

அவன் வரத்தான் செய்தான். மய்யித்து வீட்டில் மீனைப் பற்றிப் பேசக் கூடாது என்று வாளியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான்.

இதைப் போலீசிடம் கொடுப்பதா, கிழித்துப்போடுவதா என்பதை உங்களிடமே விடுகிறேன். நான் எங்கும் ஓடமாட்டேன். நீங்கள் கேட்டால் உங்கள் பெண்கள் முன்னாலும் இதையே சொல்வேன்.

பேட்டரியை மருத்துவமனைக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். தண்ணீர் தெளிந்துவிட்டது, பாசி துளியும் இல்லை, மீன்கள் கைக்கு வந்து தின்கின்றன. மழைக்காலம் முடிகிற வரைக்கும் பேட்டரியை மட்டும் இங்கேயே விட்டுவையுங்கள், மச்சான்.