சுரம் கேட்காத பிக்கப்

அபர்டீன் பஜாரிலிருந்து மின்னி பே போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "தம்பி, நான் வாசிக்கிற சுரம் வெளியில கேக்காத மாதிரி ஒரு பிக்கப் இருந்தா மாட்டு."

பெரியவர் அரசு ஆபீஸ் கிளார்க். ஒரு ஓட்டல் பேண்டில் பாஸ் என்ற ஆளுயரக் கம்பி வாத்தியம் வாசிக்கிறவர். மற்றவர் மைக்செட்காரர்; பிக்கப் என்பது வாத்தியத்தில் மாட்டும் சின்ன மைக். பேச்சிலிருந்து இவ்வளவும் தெரிந்துகொண்டேன்.

"அண்ணே, கம்பியைத் தாங்கற கட்டை, அந்த பிரிட்ஜ்ல ஒண்ணு வெச்சா சுரம் கேக்கும். நீங்க கம்பியை இழுத்து, விரல் வெக்கிற பலகையில அறையறீங்களே, அந்த 'டக்' கேக்க பலகையில இன்னொண்ணு வேணும்."

"பலகையில மட்டும் போதும்."

"ஏண்ணே?"

"இத்தனை வருஷமா சத்தம் பத்தாம நான் தப்பா வாசிக்கிறது யாருக்கும் தெரியல. போன வாரம் மைக் வெச்சாங்க. எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"அப்ப மைக்கே வேணாம்னு சொல்லிடுங்க."

"சொன்னேன். அப்படின்னா பாஸையும் கீபோர்டுலயே வாசிச்சுக்கறோம்னுட்டாங்க."

மைக்செட்காரர் சிரிக்கவில்லை. "ரெண்டும் மாட்டலாம். தனித்தனியா வால்யூம் இருக்கும். சுரத்தை நான் குறைச்சு வெச்சுக்கறேன்."

பெரியவர் தலையாட்டினார்.

"டீக் ஹை, சரி. ஒரு பாட்டு முழுக்க நான் சரியா வாசிச்சுட்டா, அடுத்த பாட்டுல கொஞ்சம் ஏத்து. ஆனா எனக்குச் சொல்லிடாத. பயந்துடுவேன்."